மாஸ்க்குக்குள் தண்ணீர்

வசந்தாமணிக்கு எதையும் எடுத்த எடுப்பில் நம்பிப் பழக்கமில்லை. கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில், ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் வேலை. கெட்டுப்போய்த் திரும்பி வரும் சரக்கைப் பிரித்துப் பார்த்து, தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். "தானா கெட்டுப்போச்சு" என்று யார் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தக் குணம் ஆபீஸோடு நின்றுவிடவில்லை. மளிகைக் கடையில் புளி வாங்கினால்கூட பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் போடுவாள்.

மகள் ரோஷினி காலேஜில் ஸ்கூபா டைவிங், அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது, சேரப்போகிறேன் என்றாள். "டோட்டலி சேஃப், அம்மா!" என்று வேறு சொன்னாள். அந்த 'டோட்டலி'தான் வசந்தாமணியை உறுத்தியது. மகளை அனுப்புவதற்கு முன்னால் தானே இறங்கிப் பார்த்துவிடுவது என்று ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டாள். நன்றாக நீந்துவாள், தண்ணீர்ப் பயம் கிடையாது. கணவர் சபரிநாதன் தடுக்கவில்லை. தடுத்தால், ஏன் தடுக்கிறார் என்று அதற்கொரு விசாரணை நடக்கும்.

ஃப்ரீமான்ட் நீச்சல் குளத்தில் எல்லாம் சுமுகமாகவே போனது. வம்பு மான்டரேக் கடலில்தான் ஆரம்பித்தது. அங்கே தண்ணீர் ஐஸ். உடம்பைக் கவ்விப் பிடிக்கும் தடித்த ரப்பர் உடுப்பு, தலையையும் கழுத்தையும் மூடும் ஹூட், விரலை மடக்கவே விடாத க்ளவுஸ் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். இறங்கிய சற்று நேரத்தில், கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிந்தது. முதலில் ஊசி குத்துவதுபோல் கண்ணோரம், பிறகு மூக்குவரை.

வாடகை மாஸ்க் ஓட்டை என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கினாள். அதுவும் கசிந்தது. பட்டையை இழுத்து இறுக்கினாள். இன்னும் அதிகமாகக் கசிந்தது. பயிற்சி கொடுப்பவர், ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் என்றார். கஸ்டமர் சர்வீஸ் ஆட்கள் சொல்கிற அதே பதில்!

வேலையிடத்தில் செய்வதுபோல் யோசித்தாள். குளத்தில் கசியவில்லை, கடலில் கசிகிறது. நடுவில் எது மாறியது? ஜோடி மாறியிருந்தது. கடலில் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும், ஒருவர் சாமான்களை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அவளுக்கு வாய்த்தவள் ஜெயமலர். யாழ்ப்பாணத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் நாளே "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். டப்பா நிறைய, மீன் அடைத்துப் பொரித்த பட்டிஸ் கொண்டுவந்து கொடுத்தாள். பழகாத ஆளுக்கு எதற்கு இவ்வளவு உபசாரம்?

அதன் பிறகு கவனிக்கத் தொடங்கினாள். தண்ணீருக்குள் நடக்கும்போதெல்லாம் ஜெயமலரின் கை அவள் பின்தலைக்குப் போகிறது, மாஸ்க் பட்டையில் என்னமோ செய்கிறது. வாய் ஏதோ முணுமுணுக்கிறது. ஹூட்டுக்குள் வசந்தாமணிக்கு அலைச் சத்தமும் தன் மூச்சும் தவிர ஒன்றும் கேட்காது. சும்மா தலையாட்டி வைப்பாள். ஜெயமலரின் மாஸ்க்கில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறுவதில்லை.

அடுத்த முறை கிளம்புமுன் பட்டையும் கொக்கியும் சேரும் இடத்தில் நெயில் பாலிஷால் மெல்லிய கோடு போட்டாள். கரைக்கு வந்து பார்த்தபோது கோட்டின் இரண்டு பாதியும் விலகி நின்றன. பட்டையை யாரோ தளர்த்தியிருக்கிறார்கள். தான் முங்கித் தவிப்பதில் இவளுக்கு என்ன லாபம்?

அன்றைக்கு மதியம் கடலடியில் மாஸ்க்கை முழுதாகக் கழற்றித் திரும்ப மாட்டும் பரீட்சை. பயிற்சி கொடுப்பவர் எதிரில் மண்டியிட்டு அவள் உடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெயமலர் பக்கத்தில். வசந்தாமணி கழற்றினாள். முகத்தில் யாரோ பளாரென்று அறைந்த மாதிரி குளிர். மூச்சு நின்று, பிறகு வாய்க் குழாய் வழியே தட்டுத் தடுமாறி வந்தது. கண்ணைத் திறந்தால் வெறும் பச்சை. க்ளவுஸ் கைக்கு எது மேல்பக்கம், எது பட்டை என்று ஒன்றும் புலப்படவில்லை. அப்போது யாரோ மாஸ்க்கைப் பிடித்து இழுத்தார்கள்.

'பறிக்கிறாள்!' என்றது மனம். வெடுக்கென்று பிடுங்கினாள். மாஸ்க் கையைவிட்டு நழுவிப் போயே போய்விட்டது.

ஒரு கை அவள் முழங்கையை இறுகப் பற்றியது. இன்னொரு கை, நழுவிய மாஸ்க்கைச் சரியான பக்கமாகத் திருப்பி அவள் உள்ளங்கையில் அழுத்தியது. முகத்தில் வைத்ததும் ஒரு விரல் அவள் நெற்றியோரமாக ஊர்ந்து, மாஸ்க்குக்கு அடியில் சிக்கியிருந்த ஹூட்டின் ஓரத்தை வெளியே இழுத்துவிட்டது. மூக்கால் ஊதித் தண்ணீரைத் தள்ளினாள். பிறகு ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. கண் தெளிந்து பார்த்தால், அந்தக் கை ஜெயமலருடையது.

கரையில் ஹூட்டைக் கழற்றியதும் ஜெயமலர் படபடவென்று சொன்னாள். "அக்கா, ஹூட் ஓரம் உள்ளுக்க போனா லீக் ஆகும். நீங்கள் வேற பட்டையை அந்த இறுக்கு இறுக்குறீங்கள். நான்தான் ஒவ்வொரு முறையும் இளக்கி விடுறனான். சொன்னனான்தானே, நீங்களும் தலையாட்டினீங்கள்."

"காதுல விழலை," என்றாள் வசந்தாமணி. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறைத்துப் பழக்கமில்லாத வாய். "நீ வேணும்னே லூஸ் பண்ணறேன்னு நெனச்சேன் ஜெயா. நெயில் பாலிஷ்ல மார்க் பண்ணி வெச்சுக்கூடப் பாத்தேன்."

ஜெயமலரின் முகம் வாடிவிட்டது. "நான் ஏனக்கா உங்களைத் தண்ணிக்க தாழ்க்கப் போறன்?" என்று மட்டும் கேட்டாள். சாமான்களை அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"சாரி சொன்னியா?" என்று வீட்டில் சபரிநாதன் கேட்டார்.

"இல்லீங்க. நின்னாத்தானே சொல்றதுக்கு."

மறுநாள் கடைசி டைவ். ஜெயமலர் வந்திருந்தாள். வசந்தாமணியின் சிலிண்டரில் காற்றைப் பார்த்தாள், பெல்ட்டைப் பார்த்தாள். மாஸ்க் கிட்டே வந்ததும் கையை இழுத்துக்கொண்டு, "அதை நீங்களே பாருங்கோ," என்று உரக்கச் சொன்னாள்.

வசந்தாமணி நெற்றியைத் தடவிப் பார்த்தாள். தலையணையைக் கையில் கட்டிக்கொண்டு தடவுகிற மாதிரி இருந்தது. ஹூட் எது, மாஸ்க் எது, தன் தோல் எது என்றே தெரியவில்லை. ஹூட்டைக் காதிலிருந்து சற்று விலக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலை ஜெயா. நேத்து சொன்னதும் தப்பு, அதுக்கு முன்னால நெனச்சதும் தப்பு. நீயே பாத்துச் சரி பண்ணு."

கண்ணை மூடி முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அலை ஒன்று முழங்காலில் மோதிப் போனது. இன்னொன்றும் போனது. போய்விட்டாளோ? கண்ணைத் திறக்கலாமா என்று நினைக்கையில் ஒரு விரல் நெற்றியில் பட்டு, மெதுவாகக் கன்னத்தோரம் இறங்கியது.

"தலைமயிர் ஒண்டு மாட்டியிருக்கு. அசையாதேங்கோ."

இருவரும் இறங்கினார்கள். ஆளுயரக் கடற்பாசிகள் மரம்போல் ஆடிக்கொண்டிருந்தன. பாதி வழியில் வசந்தாமணி காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். சட்டென்று உடம்பு விறைத்தது. ஜெயமலர் எதிரேதான் இருந்தாள், பின்னால் பார் என்று கைகாட்டிக்கொண்டு. திரும்பினால் சீல் என்கிற கடல்நாயின் குட்டி ஒன்று, துடுப்பின் நுனியைக் கவ்வியபடி, உருண்டைக் கண்ணால் இவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. வசந்தாமணியும் அதை உற்றுப் பார்த்தாள். இரண்டு பேரில் யாரும் முதலில் பார்வையை எடுப்பதாக இல்லை. சிரிப்பை அடக்க முடியாத ஜெயமலரிடமிருந்து குபுகுபுவென்று குமிழிகள் மேலே போய்க்கொண்டே இருந்தன.