ஸ்டாலின் எதிர்ப்பாளர்களோடு ஒரு சம்பந்தம்

மொன்றியலில் என் முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட முன்வந்த கம்யூனிஸ்ட் கட்சி நண்பர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தலைப்புக் கதையில் ஒரு கட்சி தன் தோழனைத் துரோகி என்று ஒதுக்கிவைக்கிறது. அவன் தனித்துச் செத்துப்போகிறான். கடைசியில் அவன் மனைவி கட்சியை மன்னிக்க வேண்டுமாம். ஸ்டாலின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வேறு எப்படிச் சொல்வார்கள்? முடியாது என்றேன். ரொறன்ரோவில் ஸ்டாலினைப் பிடிக்காத இடதுசாரிகள் ‘அகிலம் வட்டம்’ என்று ஒன்று நடத்துவதாகக் கேள்விப்பட்டு, அவர்களுக்குக் கதையை அனுப்பினேன். வரச் சொன்னார்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர், ஆறரை மணி நேரம். இடப்பக்கச் சீற் பிடியுங்கள். ஒஷாவாவுக்கு முன்னால் ஏரி கொஞ்சம் எட்டிப்பார்க்கும். ரொறன்ரோ பஸ் நிலையத்திலிருந்து சப்வேக்கு இரண்டு டொலர். ஷேர்போர்னில் இறங்கி நடந்தால் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்கள்.

லிஃப்ற் அடியில் நின்ற ஒருவரிடம், “அங்கிள், அகிலம் ஆக்கள் எங்கை?” என்று கேட்டேன்.

“அகிலா ஆக்களோ? நாலாம் மாடி.”

நாலாம் மாடி என்றாலே எங்களுக்குக் கொழும்புப் பொலிஸ் விசாரணைதான். ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். ஆனால் கதவைத் திறந்த அகிலா அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“மொன்றியலிலை இருந்தோ? வாங்கோ, உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம்.”

இடியப்பமும் சொதியும் வந்தன. நல்ல தோழர்கள் என்று நினைத்து ஒரு பிடி பிடித்தேன். பிறகு, “கொள்கையளவிலை எனக்குச் சம்மதம்” என்று பேச்சைத் தொடங்கினேன்.

“பிறகென்ன! பொடியன்ரை சாதகம் கொண்டந்தனீங்களோ?”

மகளுக்குச் சம்பந்தம் பேச மொன்றியலிலிருந்து வரவிருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண் நான்தான் என்று நினைத்துவிட்டார்கள். சிரித்து ஓய்ந்ததும் அகிலா அக்காவே என்னைக் கீழே, அகிலம் வட்டம் கூடியிருந்த பார்ட்டி றூமில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே ஏழு பேர் இருந்தார்கள். ஊரில் பழைய கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு வெளியேறிய இரத்தினம் அண்ணைதான் தொடங்கினார்.

“கதை அருமை, தங்கச்சி. முடிவைத்தான் கொஞ்சம் மாத்தோணும். அந்த மனிசி சும்மா கோபத்தோடை நிக்கிறா. எங்களை மாதிரி ஒரு புது அமைப்பிலை அவ சேரோணும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மொன்றியல் ஆக்கள் அவவை மன்னிக்கச் சொல்லினம். நீங்கள் சேரச் சொல்லுறியள். அவவை ஒருத்தரும் சும்மா விடமாட்டியளோ?”

 இரத்தினம் அண்ணை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பிடிச்சுப்போட்டா!” என்றார். தேத்தண்ணி இரண்டு தரம் வந்துபோவதற்குள் ஒப்பந்தமும் ஆனது. ஒரு வரியும் மாறாமல் புத்தகம் வெளிவரும். முடிவு பிழை என்று அண்ணை அதே மேடையில் பேசுவார். எனக்கு வாயெல்லாம் பல்.

இப்படிப் போகிறவர்கள் மார்ச் மாதம் என்று ஏமாறாமல் பனிச் சப்பாத்துப் போடுங்கள். மாடி இலக்கத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் கூட்டுச் சேரப் போகிறவர்கள் எதில் ஒத்துவராது என்பதை முதலிலேயே உடைத்துப் பேசிவிடுங்கள். அதன் பிறகும் கூட இருப்பவர்களை நம்பலாம்.

யூன் மாதம் புத்தக வெளியீடு. இரத்தினம் அண்ணை சொன்னபடியே என் முடிவைக் கிழித்துத் தொங்கவிட்டார். சபை கைதட்டியது, நானும் தட்டினேன். அவர் மேடையை விட்டு இறங்கவில்லை.

“முடிவு பிழை எண்டுதான் இப்பவும் சொல்லுறன்,” என்றார். “ஆனா என்ரை தம்பியைக் கட்சி துரோகி எண்டு தள்ளிவைக்கேக்கை நானும் கை உயர்த்தினனான். அவன்ரை மனிசி இண்டைவரைக்கும் என்னோடை கதைக்கிறேல்லை.”