வெளியே விடாத மூச்சு

பம்பரத்துக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்தால் முள் குத்தும். பாப்கார்ன் கம்பெனியில் வெண்ணெய் வாசனைப் பொடி கலக்கும் அறையில் சுற்றிச் சுழன்றே அந்தப் பெயரை வாங்கினாள். இப்போது நாலு படி ஏறினாலே இரைக்கிறது. ஒப்புக்கொள்வாளா? எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் அவளுக்கு ஒரே கொண்டாட்டம். டாக்டர்தான் விடவில்லை.

"சின்னச் சின்ன மூச்சுக்குழாய் எக்ஸ்ரேல தெரியாதும்மா. சிடி ஸ்கேன்ல மூச்சை இழுத்துப் பிடிச்சு ஒரு படம், முழுசா வெளிய விட்டு ஒரு படம். உள்ள காத்து மாட்டிக்கிட்டிருந்தா ரெண்டாவதுல கறுப்புத் திட்டா நிக்கும்."

"நின்னா?"

"அந்தப் பொடிதான் குழாயைக் கெடுக்குதுன்னு அர்த்தம். அந்த ரூமுக்கு நீங்க திரும்பப் போகக் கூடாது."

அந்த வேலையில்தான் வீடு ஓடுகிறது. மூச்சை விட்டால்தானே மாட்டுவோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஸ்கேன் மேசையில் போய்ப் படுத்தாள்.

முதல் படம் சுலபமாக முடிந்தது. இரண்டாவதுக்கு வாயைக் குவித்து 'ஊ' என்று சத்தம் மட்டும் கொடுத்தாள். ஸ்கேன் எடுக்கிற பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்க மூச்சு விடலையே."

"விட்டேனே."

"விட்டா பெரிய மூச்சுக்குழல் பின்பக்கம் தட்டையாகும். உங்களுக்கு உருண்டையாவே இருக்கு."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காம். இவள் புளுகு எட்டு நொடிகூடத் தாங்கவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்து போய்விடலாமா என்று கால் துடித்தது.

அப்போது திறந்த கதவு வழியாக இருமல் கேட்டது. வறட்டு இருமல், துணைக்கு வந்த தங்கையுடையது. சூப்பர்வைசரை நச்சரித்து அவளை அதே பொடி அறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே பம்பரம்தான். "வெறும் தூசிதான்டி" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். கைகாலுக்கு வேலை இல்லாமல் கிடந்த இப்போதுதான் அந்த இருமலை முழுசாகக் கேட்டாள்.

"இன்னொரு தடவை எடுங்க," என்றாள்.

வயிறு முதுகோடு ஒட்டும்வரை மூச்சை விட்டாள். எழுந்து வரும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையைப் பார்த்தாள். திட்டுத் திட்டாகக் கறுப்பு. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே தங்கை பையோடு நின்றாள். "போலாமாக்கா? ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

பம்பரம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னிக்கு வேலைக்குப் போகாத. டாக்டர்கிட்ட நீயும் வா."

சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை. அக்கா அப்படி உட்கார்ந்து தங்கை பார்த்ததில்லை. அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது.