தட்டில் மிச்சமான பின்

சொந்தக் கையால் கார் பழுது பார்க்கிறவனுக்கு இரண்டு பயம் உண்டு. வேலை நடக்கும்போது வண்டி தன்மேல் விழுந்துவிடுமோ என்பது ஒன்று. முடிந்த பிறகு வண்டி ஒழுங்காக ஓடுகிறதே, எதை மறந்து தொலைத்தோம் என்பது இன்னொன்று. முதல் பயம் எழுந்து நின்றதும் போய்விடும். இரண்டாவது படுக்கை வரைக்கும் கூட வரும். வீட்டு வாசலில் ஜாக்கி போட்ட சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும்.

நான் மெக்கானிக் அல்ல. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருஷங்கள் துபாயில் அல் குசைஸ் பக்கம் ஓர் அலுமினியக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். மனைவி ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இருவருக்கும் ஊர் குளச்சல் பக்கம். எங்களிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. அதுதான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது.

சத்தம் வந்தால் நல்லது

ஒருநாள் ரவுண்டானாவில் ஒரு பிக்கப் வண்டி நடுரோட்டில் மண்டியிட்டுக் கிடந்ததைப் பார்த்தேன். முன்சக்கரம் ஒன்று உடம்பிலிருந்து பிய்ந்து வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. டிரைவர் நடைபாதையில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பால் ஜாயின்ட் போய்விட்டது என்றார்கள். அது நம் இடுப்பு மூட்டு மாதிரி. ஒரு குமிழ், அதைப் பிடித்திருக்கும் கிண்ணம், மேலே ரப்பர் உறை. முன்சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மணல் உள்ளே வரும். அந்த ஊரில் மணலுக்கு என்ன குறை?

அன்று வீடு திரும்பும்போது என் வண்டியிலும் ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘டக்’ என்று கேட்டது. அதற்கு முன்பும் கேட்டிருக்கும். அன்றுதான் என் காதில் விழுந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மலையாளி. நான் பயந்த முகத்தோடு சத்தத்தை வாயால் செய்து காட்டியதை அவர் ரசித்துக் கேட்டார். பிறகு புது ஜாயின்ட் இரண்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “சேட்டா, சத்தம் கேக்குற வரைக்கும் பயம் வேண்டா. சத்தம் ஒருநாள் தன்னால நின்னா, அன்னைக்கு வண்டியை விட்டு எறங்கிக்கோ.”

கால் வெளியே இருக்கட்டும்

நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில்தான் வேலை. ஆகஸ்ட் மாதம். ஒரு மெக்கானிக் புத்தகத்தைப் படம் படமாகப் பார்த்து வைத்திருந்தேன். அந்த ஊர் வெயிலில் தார் இளகும் என்பது மட்டும் புத்தகத்தில் இல்லை. வண்டியை ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, தலையை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரத்தில் வண்டியின் அடிப்பக்கம் என் மூக்கை நோக்கி வருவது போலத் தோன்றியது. பிரமை என்று நினைத்தேன். இல்லை. ஸ்டாண்டின் நான்கு கால்களும் மாவில் அழுத்திய விரல் மாதிரி தாருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் வெளியே வந்த வேகத்தில் முதுகுத் தோல் பாதி அங்கேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சப்பாத்திப் பலகையும் கனமான ஒரு ஒட்டுப்பலகையும் ஸ்டாண்டுக்கு அடியில் போயின.

கட்டடக் காவலாளி கான் பாய், பெஷாவர்க்காரர். நிழலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை நான் உள்ளே நுழைந்தபோது, பயத்தில் உடம்பை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி, காலையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். கான் பாய் குனிந்து, என் காலைப் பிடித்து வெளியே இழுத்து நேராக வைத்துவிட்டு இந்தியில் சொன்னார்: “பாய், கால் வெளியே இருக்கட்டும். வண்டி விழுந்தால் பிடித்து இழுக்க எனக்கு ஏதாவது வேண்டாமா?”

இரண்டு தட்டு

பால் ஜாயின்டின் தண்டில் ஒரு நட்டு ஏறும். அதன் தலை கோட்டை மதில் போலப் பல் பல்லாக வெட்டியிருக்கும். அந்தப் பல்லுக்கு நடுவே தண்டின் துளை வழியாக ஒரு ஸ்பிளிட் பின் போகும். பெண்கள் தலையில் குத்தும் ஹேர்பின்னைவிடச் சின்னது. அதை நுழைத்துக் காலை மடக்கிவிட்டால் நட்டு கழலாது. நுழைக்காவிட்டால் நட்டு இறுக்கத்தில் நிற்கும். எத்தனை நாள் நிற்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது.

ஜெசிந்தா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். முதல் தடவை நான் சக்கரத்தை மாட்டப் போனபோது தடுத்தாள். சமையலறையிலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டு கொண்டுவந்தாள். ஒன்றில் போகவேண்டிய புதுச் சாமான், ஒன்றில் வந்த பழைய சாமான். தொடங்குமுன் புதுத் தட்டை வாய்விட்டு எண்ண வேண்டும். முடிக்கும்போது அது காலியாக இருக்க வேண்டும், பழைய தட்டில் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். அப்புறம்தான் சக்கரம். தியேட்டரில் வயிற்றைத் தைக்குமுன் அப்படித்தான் கத்தரியையும் பஞ்சையும் எண்ணுவார்களாம். பகல் முழுக்கக் கம்பெனிக்குத் திருகாணி எண்ணுகிறவன் நான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நாலு சாமான்தானே, எனக்கு ஞாபகம் இருக்கு” என்றேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னாள்: “வயித்துக்குள்ள பஞ்ச வச்சித் தைச்சவியளும் ஞாபகம் இருக்குன்னுதான் சொன்னாவ.”

குப்பை வண்டி

ராகவன் சார் எங்களுக்கு எதிர் ஃபிளாட். சென்னைக்காரர், ஒரு கம்பெனியில் அக்கவுன்டன்ட். மனைவி சுதா, இரண்டு குழந்தைகள். வருஷாந்திர டெஸ்டில் அவர் காரை ஃபெயில் ஆக்கிவிட்டார்கள். முன்பக்கம் இரண்டு பால் ஜாயின்டும் ஆட்டம். ஒரு வியாழக்கிழமை மாலை புது ஜாயின்ட் இரண்டையும், ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் பின்களையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். “நாளைக்கு அல் ஐன் போறோம் சார். ஹஃபீத் மலை மேல கூட்டிட்டுப் போறேன்னு பசங்களுக்கு ப்ராமிஸ் பண்ணிட்டேன்” என்றார். ஜெசிந்தா நைட் டியூட்டிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். நான் தட்டை எடுத்தேன், பையை அதில் கொட்டினேன். எண்ணவில்லை. எண்ணச் சொல்ல ஆள் இல்லை.

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது கான் பாய் ஓடிவந்தார். “பலதியா! பலதியா! யல்லா, சீக்கிரம் சக்கரத்தை மாட்டு!” பலதியா என்றால் முனிசிபாலிட்டி. கட்டட வளாகத்தில் வண்டி பழுது பார்த்தால் அபராதம். கான் பாய்க்கு வேலையே போகும். நான் சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, சாமானையெல்லாம் ஒரு சாக்கில் வாரிப் போட்டு, மூச்சு வாங்க நின்றேன். வளைவில் திரும்பி வந்தது குப்பை வண்டி. நான் முறைத்தேன். கான் பாய் கொஞ்சமும் அசரவில்லை: “குப்பை வண்டி மட்டும் யாருடையது? அதுவும் பலதியாதானே, பாய்?”

தொடங்குறப்போ எத்தனை

சக்கரம் மாட்டியாகிவிட்டது, வேலை முடிந்தது என்றே அன்று ராத்திரி தூங்கினேன். வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. ராகவன் சார் குடும்பம் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டது. குழந்தைகள் படியில் இறங்கும் சத்தம் என் அரைத் தூக்கத்தில் கேட்டது. நான் எழுந்து, சாக்கைக் கொட்டிச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தட்டின் அடியில் கிரீஸில் ஒட்டிக்கொண்டு ஒரு ஸ்பிளிட் பின் கிடந்தது. புதுசு. மடங்காத பின்.

கையில் எடுத்தேன். இடதுபக்கம் பின்னை மடக்கியது நினைவிருக்கிறது. வலதுபக்கம் மடக்கினேனா? மடக்கியது போலவும் இருந்தது, போன தடவை மடக்கியதை நினைக்கிறேனோ என்றும் இருந்தது. கடைக்காரர் பையில் இரண்டு போட்டாரா, கூட ஒன்று சேர்த்து மூன்று போட்டாரா? மூன்று என்றால் நான் பிழைத்தேன். இரண்டு என்றால் நான்கு பேர் இப்போது மலைப்பாதையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். ராகவன் சாருக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். டியூட்டி முடிந்து வந்த ஜெசிந்தா கைப்பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “தொடங்குறப்போ எத்தன இருந்துது?”

அல் ஐன் ரோடு

அவள் தூங்காத கண்ணோடு என் பக்கத்தில் ஏறினாள். மடியில் என் போன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அழுத்துவாள், காதில் வைப்பாள், இறக்குவாள். வெள்ளிக்கிழமை காலை, ரோடு காலியாக நீண்டு கிடந்தது. ஓரத்தில் நின்ற ஒவ்வொரு காரையும் நான் பார்த்தேன். ராகவன் சாருடையது வெள்ளி நிறம். அந்த நாட்டில் பாதிக் கார் வெள்ளி நிறம் என்று அன்றுதான் தெரிந்தது. ஓரிடத்தில் ரெக்கவரி லாரியின் முதுகில் முன்பக்கம் நசுங்கிய ஒரு வெள்ளிக் காரைப் பார்த்தேன். நம்பர் பிளேட்டைப் படிக்கும் தூரம் நெருங்குவதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. வேறு நம்பர். வேறு யாரோ. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச தூரம் போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பயந்தவனுக்கு வரும் யோசனைதான். “நாமும் சும்மா சுத்திப் பார்க்க வந்தோம்னு சொல்வோம். வண்டி எப்படி ஓடுதுன்னு பார்க்கிற மாதிரி குனிஞ்சு பின்னை மாட்டிடுறேன். அவங்க பயப்பட வேண்டாம் பாரு” என்றேன். ஜெசிந்தா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “தியேட்டர்ல எண்ணிக்க தப்புனா மொதல்ல வாயத் தெறந்து சொல்லணும். வாயத் தெறக்காதவளுக்கு அங்க வேல கெடையாது.”

அடிவாரம்

மலை அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுப் பூங்கா. கார் நிறுத்துமிடத்தில் அந்த வெள்ளிக் கார் நான்கு சக்கரத்தோடும் நின்றது. பக்கத்துப் புல்லில் பாய் விரித்து நான்கு பேரும் இருந்தார்கள். ராகவன் சார் எழுந்து வந்தார், “அட, நீங்களும் வந்தீங்களா சார்!” என்று சிரித்தார். போன் சாப்பாட்டுக் கூடைக்குள் இருந்திருக்கிறது. நான் சொல்லிவிட்டேன். பின் மிச்சமானதையும், எண்ணாததையும், இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. “மேல போயிட்டு வந்துட்டோமே, சார்” என்றார்.

அந்த ஊர் வண்டிகளில் இடதுபக்கம் இருக்கும் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்து, டார்ச்சோடு கீழே படுத்தேன். இடது பக்கம் பின் இருந்தது. வலது பக்கம் துளை மட்டும் இருந்தது. இறுகியிருக்க வேண்டிய நட்டு என் இரண்டு விரலுக்கே அசைந்தது. அத்தனை வளைவும் ஏறி இறங்கியிருக்கிறது அந்த வண்டி. நட்டை இறுக்கி, சட்டைப் பையிலிருந்த பின்னை நுழைத்து, இடுக்கியால் காலை மடக்கி, ராகவன் சாரைக் கீழே குனியச் சொல்லிக் காட்டினேன். சுதா எலுமிச்சை சாதத்தை இரண்டு காகிதத் தட்டில் வைத்து எங்களிடம் நீட்டினார். குழந்தைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: “சாப்பிடுங்கோ அண்ணா. போறப்போ எங்க வண்டிய நீங்க ஓட்டிண்டு வாங்கோ. நாங்க உங்க வண்டில வர்றோம்.”

திரும்பி வந்த வழி

அவர் சொன்னது நியாயம். சாவியை மாற்றிக்கொண்டோம். என் வண்டியில் அவர்கள் நான்கு பேர். நான்கு பேர் ஏறிய பிறகும் பின்சீட்டில் ஒருவர் உட்கார இடம் இருந்தது. சுதா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். “சிஸ்டர், நீங்க நைட் டியூட்டி பார்த்துட்டு வந்திருக்கேள். இதுல வந்து சாஞ்சுக்கோங்கோ” என்றார். நானும் போகச் சொன்னேன். அந்த நட்டில் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் அன்று காலை வரைக்கும்கூட எனக்கு நம்பிக்கை இருந்ததே.

ஜெசிந்தா கொட்டாவி விட்டபடி நடந்து வந்து, ராகவன் சாரின் காரில், என் பக்கத்தில், வலதுபக்கச் சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டாள். தூங்குவதற்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே கேட்டாள்: “இப்போ எண்ணியாச்சில்லியா? பின்ன என்ன, எடுங்க.”

அவள் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஊரில் இப்போதும் எப்போதாவது யாராவது ‘டக்’ என்ற சத்தத்தோடு வண்டியைக் கொண்டுவருவார்கள். நானும் இரண்டு தட்டை வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாவிட்டாலும் வாய்விட்டு எண்ணுவேன்.

என் கைவேலையை நம்புவதாகச் சொன்னவர்கள் எத்தனையோ பேர், அதில் ஏறி உட்கார்ந்து தூங்கியவள் ஒருத்திதான், அவளும் எண்ணியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் தூங்கினாள்.