கோடு போடும் செல்லதுரை

"விரல எடுங்க சார், விரல எடுங்க." கணினித் திரையை யாராவது தொட்டுவிட்டால் செல்லதுரைக்கு உயிரே போய்விடும். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ரேகை மறையும்வரை துடைப்பார். பிறகுதான் தொட்டவர் மேலதிகாரியா, மாமனாரா என்று நிமிர்ந்து பார்ப்பார்.

திருவாரூர்ப் பக்கம் வரப்போகிற புறவழிச்சாலைக்கு வரைபடத்தில் கோடு போடுவது அவர் வேலை. ஒவ்வொரு இடத்துக்கும் கணினியில் இருக்கும் மாடல் ஒரு மதிப்பெண் போடும். தரிசு என்றால் கோடு தாராளமாகப் போகலாம். வயல் என்றால் வளைய வேண்டும். அரிசி ஆலை என்றால், யாருடைய ஆலை என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் ஒருநாள் வந்து உட்கார்ந்தார். அவருக்கு வாங்கிவைத்த டீ ஆறுவதற்குள் கோடு அவர் ஆலையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. எதிர்க்கட்சிக்காரரின் கல்யாண மண்டபத்துக்கும் அதே மரியாதைதான். கேட்டால், "மாடலுக்குக் கட்சி கெடையாதுங்க" என்பார். பாவம், மனிதர் உண்மையைத்தான் சொல்கிறார்.

எது வயல், எது தரிசு என்பதைச் செயற்கைக்கோள் படத்தின் நிறம் சொல்லும். பச்சை வயல், பழுப்பு தரிசு. மழைக்காலப் படத்தில் மேகம் மறைக்கிறது என்று மே மாதப் படத்தை எடுத்தார். மருந்துக்கும் மேகம் இல்லை. ஆற்றில் மருந்துக்கும் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்காத அந்த மாதத்தில் பச்சையாக இருப்பது செயலாளர் வீட்டுக் குரோட்டன்ஸ்தான். ஆகவே சீமை முழுவதும் தரிசு என்று மாடல் தீர்ப்பு எழுதிவிட்டது. வயலுக்கென்று கோடு வளையவே இல்லை; மேலிடத்தில் ஒரே பாராட்டு. டெல்டாவில் பிறந்தவருக்குக் கோளாறு தெரியாதா? தெரியும். ஆனால் பாராட்டுகிறவர்களை யார் நிறுத்துவார்கள்?

கோடு சொந்த வயலின் நடுவே போவதைப் பிறகுதான் பார்த்தார். ஞாயிறன்று மடிக்கணினியோடு ஊருக்குப் போனார். பண்ணையை எதிர்த்துக் கொடி பிடித்து, ஜெயிலில் கிடந்து, அம்மா ராமாயி வாங்கிய வயல் அது. வேறு சொத்து கிடையாது. அவர் படித்ததும் அந்த நெல்லில்தான்.

அம்மா மாவு பிசைந்த கையோடு வந்து திரையில் விரலை வைத்தாள்.

"இதா நம்ம வயலு? ஏம்ப்பா இப்படிச் செத்துக் கெடக்கு?"

"தரிசுன்னு வந்திருக்கும்மா."

"யாருப்பா அப்படிச் சொன்னது?"

செல்லதுரை கைக்குட்டையை எடுத்தார், துடைக்காமலே மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கூட்டம். சுவரில் கோடு பளபளவென்று நீண்டது. "எல்லாம் தரிசுதானே, முடிச்சிரலாமா?" என்று கேட்டார் உயரதிகாரி. செல்லதுரை மடிக்கணினியைப் பார்த்தார். அதன் திரையில் அம்மாவின் விரல் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இல்லைங்க சார். இது மே மாசத்துப் படம். அத்தனையும் வயலுங்க. தப்பு என்னுது."

அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்து வந்து, கண்ணாடியை இறக்கிக்கொண்டு மடிக்கணினித் திரைமேல் குனிந்தார். எங்கே வயல், காட்டுங்கள் என்றார்.

செல்லதுரை அந்த மாவுத் தடத்தின்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார்.