தம்பி காட்டாத குசினி

என் கையெழுத்து கோணல், எழுத்துப்பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி இத்தாலியில், பலெர்மோ என்ற கடற்கரை நகரத்தில், வீடுகள் துப்புரவு செய்தான். நான் சிட்னியில். என் விசாவில் வெளியே போனால் திரும்பி வர முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து எனக்கு ஊர் காட்டுவான். மீன் சந்தை, கடலைமாவைப் பொரித்துப் பாண் ரொட்டிக்குள் வைத்து விற்கும் கடை, எங்கள் சைவ ஆட்களும் வெறுங்காலோடு ஏறும் கத்தோலிக்கப் புனிதையின் மலைக்கோயில்.

"உன்ரை குசினியைக் காட்டடா, என்ன சமைக்கிறாய் எண்டு பாப்பம்" என்பேன்.

"இவங்களும் குச்சினா எண்டுதான் சொல்லுறாங்கள், அண்ணை. அதை விடுங்கோ, கடலைப் பாருங்கோ!" என்று போனைத் திருப்பிவிடுவான்.

எனக்கு நிரந்தர விசா வந்து, டிக்கெட்டும் எடுத்த பிறகு, அவன் மாரடைப்பில் செத்துப்போனான். நான் அடக்கத்துக்குத்தான் போனேன். வழி கேட்கக் கூச்சப்படுகிறவன் நான். அங்கே கேட்கத் தேவையே இருக்கவில்லை. சந்தையும் கடையும் கடலும் அவன் காட்டியபடியே இருந்தன.

அவனோடு வேலை செய்த தமிழர் ஒருவர் அவன் இருந்த அறையைத் திறந்துவிட்டார். யன்னல் இல்லை. கட்டிலோடு ஒட்டி, தரையில் ஒரு காஸ் அடுப்பும் கரிபிடித்த சட்டியும்.

"குசினி எங்கை?" என்று கேட்டேன்.

"இதுதான் அண்ணை, எல்லாம்" என்றார்.

சட்டியைச் சிட்னிக்கு, பென்டில் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் சமைக்கட்டுமா என்று மனைவி கேட்கிறாள். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.

எழுதி முடித்தது: செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை.