தாழிக்குள் கிடந்த பல்

முன்பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும்; இல்லாவிட்டால் மறுபல் முளைக்காது. ஏழு வயதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த சில விஷயங்களில் இதுவும் ஒன்று. நானோ விழுந்த பல்லை இட்லியோடு சேர்த்து முழுங்கியிருந்தேன். இனி ஆயுசுக்கும் பொக்கை வாய்தான் என்ற கவலையோடுதான், கோடை லீவில் ஒருநாள், வீட்டாரோடு வில்லாபுரத்திலிருந்து கிளம்பினேன்.

திருமங்கலம் தாண்டி அப்பா வாங்கியிருந்த மூன்று சென்ட் மனையில் அன்றைக்குச் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டினார்கள். எங்கள் தாத்தா வரைக்கும் எல்லோரும் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போனவர்கள். பத்திரத்தில் பெயர் ஏறியது அப்பாவுக்குத்தான் முதன்முதல். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பத்திரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பொக்லைன் இடுப்பளவு தோண்டியதுமே 'டொக்'கென்று ஒரு சத்தம். மண்ணுக்குள் பெரிய தாழி ஒன்று பக்கவாட்டில் உடைந்து தெரிந்தது. அப்பா குழியில் குதித்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஏறி வரும்போது முகத்தில் ஈயாடவில்லை.

"வெறும் பானைதான். மூடிருப்பா."

டிரைவர் நம்பவில்லை. "அண்ணே, எலும்பு தெரியுது. அந்தக் காலத்து ஆளுகளப் பொதைச்ச தாழிண்ணே இது. தாலுகா ஆபீசுக்குச் சொல்லணும்ல?" சொல்லிக்கொண்டே படம் பிடிக்கச் செல்போனை எடுத்தார்.

சொன்னால் வேலி போட்டுவிடுவார்கள், அப்புறம் மனை நமக்கில்லை என்பதுதான் அங்கே எல்லோருடைய பயமும். சித்தப்பா பாய்ந்து டிரைவரின் கையைப் பிடித்தார். அம்மா அழ ஆரம்பித்தாள். அத்தனை பேரும் செல்போனைச் சுற்றி நின்ற நேரத்தில் நான் குழிக்குள் சறுக்கி இறங்கினேன். உடைந்த ஓட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் கிடந்தது. என் கஷ்டம் தெரிந்து சாமியே அனுப்பிவைத்தது என்று நினைத்தேன். பாவாடையில் துடைத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

அம்மாவின் அழுகையைப் பார்த்து டிரைவர் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் ரோட்டில் போன யாரோ விஷயத்தைப் பற்றவைத்திருக்க வேண்டும். அரைமணி நேரத்தில் கிராம நிர்வாக அலுவலரின் வண்டி வருவது தெரிந்தது. குழியின்மேல் அவசரமாகப் பலகைகளைப் போட்டுச் சாக்கை விரித்துச் சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சிக்னலில்கூட அவர் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"என்னமோ தாழி கெடைச்சிருக்காம்ல?" என்றார் அலுவலர்.

"இல்ல சார்" என்றார் அப்பா. அன்றைக்கு முன்னால் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

அலுவலர் சித்தப்பாவைப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் எந்திரிங்க."

சித்தப்பா எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பல்லைத் திருடிய என்னைப் பிடிக்கத்தான் இவர் வந்திருக்கிறார், அதற்குத்தான் அப்பா அழப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. பயம் தாங்காமல் ஓவென்று அழுதபடி கையை நீட்டி விரித்துவிட்டேன்.

அலுவலர் பல்லைப் பார்த்தார். என் பொக்கை வாயைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அட, பல்லு விழுந்ததுக்கா இம்புட்டு அழுகை? சாணியில வச்சுக் கூரையில எறி பாப்பா, அரிசி மாதிரி முளைக்கும். என் மகளுக்கும் இப்பத்தான் விழுந்துச்சு."

என் தலையைத் தடவிக் கொடுத்தார். ஏதாவது கிடைத்தால் வந்து சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பல்லை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கி, அதைத் தாழிக்குள் வைத்து, உடைந்த ஓட்டைப் பொருத்தினார். பொக்லைனைக் கிட்டே விடாமல் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். செப்டிக் டேங்க் மனையின் மறுகோடிக்குப் போனது. அதனால் படுக்கிற ரூம் சின்னதாகிப் போச்சு என்று அம்மா இன்றைக்கும் குறைபடுகிறாள்.

பல்லைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் நான் அப்பாவோடு பேசவில்லை. திரும்புகிற பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தும் என்னை மடியில் தூக்கி வைத்து, இறங்கும் வரைக்கும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். பொய் சொன்ன பயம் இன்னும் தெளியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். பெரிய ஆள் ஒருவரின் வாயில் அவ்வளவு சின்னப் பல் இருந்திருக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.