விசில் இல்லாத குக்கர்

ஸ்லோ குக்கர் வந்த அன்று டெலிவரிக்காரர் என்னை மூன்று முறை போனில் அழைத்தார். நான் வெளிவட்டச் சாலை அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கின் நடுவில் இருந்தேன். "மனேலி யாரூ இல்ல சார், பெல் அடிச்சு அடிச்சு கை நோவுது" என்று பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் சலித்துக்கொண்டார். வீட்டில் ஆள் இருக்கிறார், இன்னொரு தடவை அடியுங்கள் என்றேன். கடைசியில் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். உள்ளே இருந்தது பீங்கான் பாத்திரம், நல்ல கனம். மாமா ஹாலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "பெல் அடிச்சாங்களாமே மாமா?" என்று கேட்டேன். என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "குளிச்சுட்டு இருந்தேன் மாப்ள" என்றார். அவர் விடிவதற்கு முன்பே குளித்து முடிக்கிறவர். பகல் பன்னிரண்டு மணிக்கு எதற்குக் குளித்தார் என்று ஒரு நொடி தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க அன்று எனக்குத் தெம்பில்லை.

மாமா என் மனைவியின் அப்பா. முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். அத்தை இறந்த பிறகு வாணியம்பாடி வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு ஆஸ்டின் டவுனில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். பரிதாபப்பட்டு நாங்கள் அழைத்து வந்ததாக வெளியே சொல்லிக்கொண்டோம். உண்மையில் எங்களுக்குத்தான் அவர் தேவைப்பட்டார். மனைவி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுடைய ஷிஃப்ட் வாராவாரம் மாறும். எனக்கு அலுவலகம் போக ஒன்றரை மணி நேரம், வர சில நாள் இரண்டு மணி நேரம். மகள் மூன்றாம் வகுப்பு, மகன் யுகேஜி. நானும் அவளும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் வேளைகளில் பால், ஃபீஸ், யூனிஃபார்ம் என்பதைத் தவிர வேறு எதையும் பேசிக்கொண்ட ஞாபகம் இல்லை.

மாமா வந்ததும் வீட்டுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. லாரிக்காரர்கள் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி ஸ்டவ் பற்றவைத்துச் சமைப்பார்களே, அந்தச் சமையல்தான் அவருக்குத் தெரியும். ஒரே பாத்திரத்தில் அரிசி, பருப்பு, கிடைத்த காய், இரண்டு பச்சை மிளகாய். குழந்தைகள் அதைத் தட்டு வழித்துச் சாப்பிட்டார்கள். பள்ளி விடுமுறையில் மகள் சமையலறை வாசலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டே, "தாத்தா, மூணு ஆச்சு", "தாத்தா, நாலு" என்று விசில் எண்ணிக் கொடுப்பாள். நாலு என்றால் நாலு விரலைத் தூக்கிக் காட்டுவாள். அது அவர்கள் இருவருக்குள்ளும் ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம் குக்கர் தீய்ந்தது. தண்ணீர் சுண்டி, பருப்பு கரியாகி, ஸேஃப்டி வால்வ் உருகிப்போயிருந்தது. தீய்ந்த வாடை படிக்கட்டு வரைக்கும் வந்ததும் கீழ்வீட்டு அம்மாள்தான் ஓடிவந்து கேஸை அணைத்திருக்கிறார். மாமா ஹாலில் உட்கார்ந்து பையனின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாராம். நான் வந்தபோது அந்தக் குக்கரைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் அசந்துட்டேன்" என்றார். வயதாகிவிட்டது, கவனம் போகிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மறுநாளே பஸ்ஸில் உட்கார்ந்து, அடுப்பு இல்லாமல், தீயாமல், பொங்காமல் தானாக வேகும் பாத்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மனைவியிடம் சொன்னபோது, "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க" என்றாள். கேட்டால் வேண்டாம் என்பார், அப்புறம் அதற்கு வேறு சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கேட்காமல் வாங்கிவிட்டேன்.

பெட்டியைப் பிரித்து மேடையில் வைத்ததும் மாமா அதைச் சுற்றிவந்து பார்த்தார். கண்ணாடி மூடியைத் திறந்து மூடினார்.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"எட்டு மணி நேரம் மாமா. காலைல போட்டுட்டா சாயங்காலம் ரெடி. நீங்க பக்கத்துல நிக்கவே வேணாம்."

"எட்டு மணி நேரத்துல சேலம் போய்ட்டுத் திரும்பி வந்துடுவேன்" என்று சிரித்தார். பிறகு, "சரி, விசில் இல்ல இல்ல? நல்லதுதான்" என்றார். அவர் நிம்மதியோடுதான் அதைச் சொன்னார். மாமாவுக்குப் பிடித்துவிட்டது என்று நான் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தப் பாத்திரத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. காலை ஏழு மணிக்கு ஆட்டுக்கால், இஞ்சி, மிளகு, தண்ணீர் போட்டுவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றுவரும். கொண்டைக்கடலை வெண்ணெய்போல் வேகும். ஆனால் துவரம்பருப்பு எங்கள் வீட்டுச் சாம்பாருக்கு வேண்டிய பதத்தில் குழையவே இல்லை. ராஜ்மாவை நேரடியாக அதில் போடக்கூடாது, முதலில் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும் என்பதை ஒரு நாள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பகலில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். எவ்வளவு நேரம் நின்றது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் கவனித்த நான், மாமாவின் பகல் என்ன ஆனது என்பதைக் கவனிக்கவில்லை. சமையல் என்ற வேலை அவர் கையை விட்டுப் போயிருந்தது. மூன்று மணிக்குப் பள்ளி வேன் வந்து நிற்கும் தெருமுனைக்குப் போய்ப் பையனை அழைத்து வருவது ஒன்றுதான் பாக்கி. அதற்காக இரண்டு மணிக்கே சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று பிறகு கீழ்வீட்டு அம்மாள் சொன்னார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தெருமுனையில் ஒரு டெம்போ ரிவர்ஸில் வந்து அவரை இடித்தது. கடைசி நொடியில் நிழலையோ எதையோ பார்த்துப் பையனைத் தள்ளிவிட்டிருக்கிறார். பையனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. மாமாவுக்கு வலது மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் முறிந்துவிட்டன. நான் போய்ச் சேர்ந்தபோது டெம்போ டிரைவர் மருத்துவமனை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போகாமல் தன் வண்டியிலேயே மாமாவை ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். முகம் வெளுத்திருந்தது. "அஞ்சு தபா ஹாரன் அடிச்சேன் சார். ரிவர்ஸ் சத்தம் வேற போட்டுட்டு இருந்துச்சு. பெரியவரு திரும்பிக்கூடப் பார்க்கல" என்றார். முப்பத்திரண்டு வருடம் ஹாரன் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்த மனிதர் ஹாரனுக்குத் திரும்பவில்லை. பெல், விசில், மகள் தூக்கிக் காட்டிய விரல்கள் எல்லாம் அந்த வாசலில் நிற்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டன. புரிந்ததில் அதிர்ச்சியைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. இதையும் நான்தான் பார்த்திருக்க வேண்டுமா என்கிற அலுப்பு. அதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கட்டுப்போட்ட மறுவாரம் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொன்னார்கள். நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை வெகுநேரம் மடியிலேயே கிடந்தது. இன்ஜின் இரைச்சலிலேயே இருந்தவர்களுக்கு இப்படி ஆவதுண்டு, இது பல வருடமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் அவருக்கு நேரெதிரே உட்கார்ந்து, வாய் தெரியும்படி மெதுவாகக் கேட்டேன்.

"மாமா, சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே மாப்ள" என்றார்.

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவரே தொடர்ந்தார். "வண்டி ஓட்டுறப்பவே ஆரம்பிச்சிருச்சு. சொன்னா லைசென்ஸ் போயிடும். அப்புறம் இங்க வந்தேன். சொல்லியிருந்தா பசங்கள என்கிட்ட விட்டிருப்பீங்களா? வாணியம்பாடிக்கு பஸ் ஏத்திவிட்டிருப்பீங்க. அங்க போய் யார் மூஞ்சிய பாத்துட்டு உக்காருறது?"

இல்லை மாமா, அப்படிச் செய்திருக்கமாட்டோம் என்று நான் சொல்லவில்லை. செய்திருப்போம் என்று இருவருக்கும் தெரியும்.

மனைவி அவரிடம் நேரடியாகவே பேசினாள். "என் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா என்னப்பா பண்ணியிருப்பேன்?" என்று கேட்டு அழுதாள். "தப்புதாம்மா" என்று இடது கையால் அவள் தலையைத் தடவினார். மகளிடம், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தாத்தாவுக்கு முன்னாடி நின்னு பேசணும்ப்பா, பின்னாடி கூப்பிட்டா தெரியாது" என்று எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைப்போலச் சொன்னாள். காதுக்கு மெஷின் வாங்கினோம். மிக்ஸி போட்டால் தலைக்குள் இடி இடிக்கிறது என்று பாதி நேரம் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். பையனை அழைத்துவர அடுத்த தெருவிலிருந்து ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தோம். அதைப் பற்றி மாமா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் அத்திபெலேயில் இருக்கும் என் மனைவியின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று வருடம் கழித்து அங்கேதான் இறந்தார்.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளின் அம்மா, ஸ்லோ குக்கர் வாங்கலாமா, குடும்பத்துக்கு உபயோகப்படுமா என்று கேட்டார். கண்ணுக்குக் கீழே கருவளையம். என் மனைவிக்கு அந்த நாட்களில் இருந்த அதே முகம். சூப்புக்கும் கறிக்கும் நல்லது, பருப்புக்குச் சுமார், ராஜ்மாவைக் கொதிக்கவிட்டுப் போடுங்கள், நாலு பேருக்கு என்றால் பெரிய அளவாக வாங்குங்கள் என்றேன். வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மாமியார் இருக்கிறார் என்றார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள் என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு லேப்டாப் பக்கம் திரும்பினார். கேட்பாரா என்று தெரியவில்லை. கேட்க நேரம் இருக்காது.

மாமா எங்களோடு இருந்த கடைசி மாதங்களில் ஒரு நாள் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். மூன்று மணிக்குப் பால்கனிக்கு வந்தபோது தெருமுனையில் வேன் நின்று போவது தெரிந்தது. நாங்கள் ஏற்பாடு செய்த அம்மாள் பையனின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். அவர்களுக்குப் பத்தடி பின்னால் மாமா வந்துகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பையனின் புத்தகப் பையை அடிபடாத தோளில் மாட்டியிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. தினமும் இப்படித்தான் போகிறார் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கீழே போய்ப் பையை வாங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தேன், போகவில்லை. பையன் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவன் திரும்பும்போதெல்லாம் மாமா இடது கையை உயர்த்திக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அவன் அடுத்த அடி எடுத்துவைத்தான்.